மனம் திரும்பிய கதை

நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். பழைய மாணவர்கள் இத்தகைய மலர்களில் என்ன எழுதுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். டில்லிக் குளிரைப் பற்றி எழுதுவார்கள். விடுதி உணவகத்து ராஜ்மாவைப் பற்றி எழுதுவார்கள். இந்தி தெரியாமல் பட்ட பாட்டை நகைச்சுவையாக எழுதுவார்கள். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் இச்சங்கத்துக்கு நான் பட்ட கடன் வேறு வகையானது. அதைச் சொல்லாமல் வேறெதையும் இம்மலரில் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் கிறிஸ்தவன். சங்கத்து நண்பர்களில் பெரும்பாலோர் அல்லர். சமயப் பிரசாரத்துக்கு இம்மலர் இடமன்று என்பதை அறிவேன். ஆயினும் எனக்கு நடந்தது என் சமயத்தின் சொற்களிலேயே நடந்தது. அச்சொற்களை நீக்கிவிட்டுச் சொன்னால் கதை வேறொன்றாகிவிடும். அன்பர்கள் பொறுத்தருள்க.

எங்கள் ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்கு அண்மையில், தேரிக்காட்டை ஒட்டிய சிற்றூர். செம்மணலும் பனையுமே அங்குச் செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் தாமஸ் என்ற மிஷனரி எழுப்பிய கோயிலின் உயர்ந்த கோபுரம் பனைகளுக்கு மேலே வெகுதொலைவில் தெரியும். என் தாத்தா பனையேறியவர். ஆச்சி பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியவர். கோழி கூவுமுன் எழுந்து பாயின்மேல் முழங்காற்படியிட்டு அவர் ஜெபிக்கும் முணுமுணுப்பைக் கேட்டே நான் வளர்ந்தேன். ஞாயிற்றுப் பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கினேன். டில்லிக்குப் புறப்பட்ட நாளில் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபித்து அனுப்பினார். (எங்கள் பக்கத்தில் திருச்சபைப் போதகரை ஐயர் என்றே அழைப்போம். இதனால் சங்க நண்பர்கள் சிலர் என்னைப் பற்றிக் கொண்ட குழப்பங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை.)

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், நான் சமயம் அறியாதவனாய் இருந்து தவறு செய்தவன் அல்லன் என்பதைத் தெரிவிக்கத்தான். எல்லாம் தெரிந்திருந்தது.

2016-ஆம் ஆண்டு சங்கத்தின் பொருளாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்னை என்று கேட்டதற்கு, "கோயிலுக்குப் போகிற ஆள், கணக்கு ஒழுங்காக இருக்கும்" என்று ஒருவர் சொன்னது நினைவிருக்கிறது. உறுப்பினர் சந்தாவும் பொங்கல் விழாவுக்கான நன்கொடையும் ரொக்கமாகவே வரும். ஒரு பிஸ்கட் டின்னைப் பூட்டுப் போடும்படி மாற்றி, அதில் பணத்தை வைத்து என் அறையில் வைத்திருந்தேன். அவ்வாண்டு தசராவிடுமுறையில் நண்பர்கள் சிலர் மணாலிக்குப் புறப்பட்டார்கள். என் ஆராய்ச்சி உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. டின்னிலிருந்து 6,400 ரூபாய் எடுத்தேன். உதவித்தொகை வந்ததும் வைத்துவிடலாம் என்று எண்ணினேன். எடுத்தபோது என் கை நடுங்கியது என்றெல்லாம் எழுதினால் அது அலங்காரம். கை நடுங்கவில்லை. மணாலியில் மகிழ்ச்சியாகவே இருந்தேன்.

நவம்பர் 8-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என்று பிரதமர் அறிவித்தார். அரைமணி நேரத்தில் சங்கத் தலைவர் என்னைக் கைப்பேசியில் அழைத்தார். டின்னில் உள்ளதெல்லாம் பெரும்பாலும் பழைய தாள்கள்தாம். மறுநாள் எல்லோரும் கூடி எண்ணி, யார் யார் கணக்கில் செலுத்துவது என்று பிரித்துக்கொள்வோம் என்றார். அந்த இரவு கடன் கேட்க நாடெங்கும் ஒருவனும் கிடைத்திருக்கமாட்டான். எல்லோரிடமும் இருந்தது அதே செல்லாத தாள்.

மறுநாள் மாலை என் அறையில் ஏழு பேர் கூடினோம். ஏட்டின்படி 18,300 ரூபாய் இருக்கவேண்டும். எண்ணிப் பார்த்தால் 11,900 இருந்தது. மறுபடி எண்ணினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பொழுது நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "தீபாவளிக்கு நான் வெளியூர் போனபோது சாவி இரண்டு நாள் தம்பியிடம் இருந்தது."

அது உண்மை. ஒலிபெருக்கிக்காரர் முன்பணம் கேட்டு வந்தால் கொடுப்பதற்காகத் துணைப் பொருளாளரான இளைய நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். ஒலிபெருக்கிக்காரர் வரவில்லை. நண்பர் சாவியை அப்படியே திருப்பித் தந்திருந்தார். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து முதலாண்டு முதுகலை படித்துக்கொண்டிருந்தவர் அவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர். அவரிடம் இரண்டு சட்டைகளே உண்டு என்பது விடுதிக்கே தெரியும். "நான் பெட்டியைத் திறக்கவே இல்லை, அண்ணே" என்றார் அவர். ஒருவரும் அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. "சரி, விடுவோம், இதைப் பெரிதுபடுத்த வேண்டாம்" என்று தலைவர் பெருந்தன்மையாகச் சொன்னார். அந்தப் பெருந்தன்மையே தீர்ப்பாயிற்று.

பொய் சொல்லாமலே ஒருவன் பொய்யனாக முடியும் என்று அன்று கண்டுகொண்டேன். நான் பேசிய சொல் ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் நிறுத்திச் சத்தியம் செய்யலாம்.

இன்னும் ஒன்று உண்டு. அதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. புதிதாக வந்து குளிருக்குப் போதிய ஆடை இல்லாத மாணவர்க்குச் சங்கம் ஆண்டுதோறும் ரஜாய் வாங்கித் தரும் வழக்கம் அப்பொழுது இருந்தது. அவ்வாண்டுப் பட்டியலில் நான்கு பெயர்கள். நவம்பர்க் கடைசியில் பட்டியலைப் பார்த்தபோது ஒருவர், "இந்தப் பெயரை இப்போதைக்கு நிறுத்தி வைப்போமே, கணக்குத் தெளியட்டும்" என்றார். பேனா என் கையில் இருந்தது. நான் அந்தப் பெயரின்மேல் கோடு இழுத்தேன். டில்லியில் மார்கழி இரவு எப்படியிருக்கும் என்பதை இம்மலரைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 31 வந்தது. நகரில் தமிழ் ஆராதனை நடக்கும் ஒரு கோயிலுக்கு இரவு பத்தரை மணிக்கே போய்விட்டேன். ஆண்டிறுதி ஆராதனை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்துமஸை விடவும் நெருக்கமானது என்பது என் எண்ணம். ஆண்டு முழுவதும் கோயிற்பக்கம் வராதவர்களும் அன்று வந்துவிடுவார்கள். பழைய ஆண்டின் கடைசி நிமிடங்களில் எல்லோரும் முழங்காற்படியிடுவார்கள்; பாவ அறிக்கை செய்வார்கள்; பன்னிரண்டடித்ததும் எழுந்து ஒருவரை ஒருவர் வாழ்த்துவார்கள். பின்பு ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். அதில் உள்ள வேதவசனம் அந்த ஆண்டு முழுவதற்கும் நமக்கு என்பது நம்பிக்கை. சபித்துரைக்கும் வசனங்களும் வேதத்தில் ஏராளம் உண்டு. ஆனால் அட்டை அச்சிடுகிறவர்கள் அவற்றை ஒருபோதும் அச்சிடுவதில்லை.

அன்றிரவு நான் அழுதேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் தோளில் கை வைக்கும் அளவுக்கு அழுதேன். "ஆண்டவரே, நான் பாவி, என்னைப் புதியவனாக்கும்" என்று மன்றாடினேன். பன்னிரண்டு மணிக்கு எழுந்தபோது நெஞ்சு பஞ்சுபோல் இருந்தது. வெளியே பனிமூட்டம். எதிரில் வந்த முன்பின் தெரியாத காவற்காரருக்கெல்லாம் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். அந்தக் கண்ணீரைப் பொய் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். அது உண்மையான கண்ணீர், போதாத கண்ணீர்.

2017 முழுவதும் நான் புதிய மனிதனாக வாழ்ந்தேன். அதாவது, அப்படி நினைத்துக்கொண்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து வேதம் வாசித்தேன். லெந்து நாட்களில் வெள்ளிதோறும் உபவாசம் இருந்தேன். கோயிலில் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் மாறவில்லை. நூலகப் படிக்கட்டில் அந்த இளைய நண்பர் இறங்கி வந்தால், நான் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். மறுமுனையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார். பொங்கலுக்கும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் காரணம் தெரிந்ததுபோல் இருந்தது.

நாளாக ஆக ஜெபம் வறண்டது. சொற்கள் வாயளவில் நின்றன. எங்கள் ஆராதனை முறையில் சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை ஒன்று உண்டு. அதில் 'நாங்கள்' என்றே வரும். அழகான வழக்கம், பாவத்தில் நாம் எல்லோரும் உடன்பிறந்தவர்கள் என்பதை நினைவூட்டுவது. ஆனால் அந்தப் பன்மைக்குள் ஒளிந்துகொள்வது மிக எளிது என்பதையும் நான் கண்டேன். இருநூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது 6,400 ரூபாய் எங்கே தெரியப்போகிறது?

இன்னொரு மறைவிடமும் எனக்கு இருந்தது. அது ஐம்பத்தோராம் சங்கீதம். தாவீது மன்னன் பத்சேபாளைக் கவர்ந்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகும்படி ஏற்பாடு செய்தான். பின்பு நாத்தான் தீர்க்கதரிசி வந்து கதை சொல்லி அவனை உணர்த்தினான். அதன்பின் தாவீது பாடியது என்று தலைப்புக் கூறும் சங்கீதம் அது. தன் குற்றம் கடவுளுக்கு விரோதமானது, அவர் ஒருவருக்கே விரோதமானது என்ற பொருள்பட அதில் ஓரிடம் வரும். அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடவுளிடம் தீர்த்துக்கொண்டால் கணக்குத் தீர்ந்தது என்று அதைப் பொருள்கொண்டேன். ஒருநாள் அதை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், உரியா செத்துப்போனவன் அல்லவா என்ற எண்ணம் எழுந்தது. தாவீது மன்னிப்புக் கேட்கப் போயிருக்க முடியாது. என் உரியா உயிரோடிருந்தார். அதே விடுதியில், மூன்றாம் மாடியில் இருந்தார். புத்தகத்தை மூடிவிட்டு உணவகத்துக்குப் போனேன்.

அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாளோடு, மார்ட்டின் லூதர் தம் தொண்ணூற்றைந்து கருத்துகளை வெளியிட்டு ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்தன. 1517-இல் விட்டன்பர்க்கில் அவர் எழுதிய அவற்றில் முதலாவது, மனந்திரும்புதலைப் பற்றியது; அது ஒருநாட் சடங்கன்று, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே அதுவாக இருக்கவேண்டும் என்ற கருத்துடையது. இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்து, தேநீர்க் கடையில் தூத்துக்குடிக் கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம் எங்கள் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன். "நாங்கள் குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை, நேரே கடவுளிடம் சொல்கிறோம்" என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல வசதி. எங்க சாமியார்கிட்ட திருடினேன்னு சொன்னா, முதல்ல திருப்பிக் கொடுத்தியான்னுதான் கேப்பார்." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு அன்று தேநீர் இறங்கவில்லை.

சொல்லாராய்ச்சியில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. புதிய ஏற்பாட்டில் வரும் 'மெட்டனோயா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மனமாற்றம் என்பது பொருள். எபிரேயத் தீர்க்கதரிசிகள் வழங்கிய 'ஷூப்' என்ற சொல்லுக்குத் திரும்பி வருதல் என்பது பொருள். கால் நடந்து திரும்பவேண்டும். தமிழில் நாம் வழங்கும் 'மனந்திரும்புதல்' இரண்டையும் ஒருசேரக் கொண்டிருக்கிறது. நான் ஓராண்டாய் முதற்பாதியோடு நின்றுவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் இப்படி எழுதும்போதே ஐயம் வருகிறது. சொல்லை ஆராய்வதும் ஒரு மறைவிடமே. அந்த நாட்களில் நான் நிறைய ஆராய்ந்தேன்.

கிறிஸ்துமஸுக்குத் திருக்குறள் விரைவு வண்டியில் ஊருக்குப் போனேன். பொய் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்ற நூலின் பெயர் பூண்ட வண்டியில் இரண்டு இரவு படுத்துக்கொண்டு போவதில் ஒரு பொருத்தம் இருந்ததை அப்பொழுது நான் நினைக்கவில்லை. ஊரில் கொண்டாட்டம் குறைவு. சில வாரங்களுக்கு முன்புதான் ஒக்கிப் புயல் அடித்துக் கன்னியாகுமரிக் கரையில் மீனவர் பலர் திரும்பாமற் போயிருந்தனர். கோயிலில் அவர்களுக்காகவே ஜெபம் நடந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு திண்ணையில் ஆச்சியோடு உட்கார்ந்திருந்தேன். எண்பதைத் தாண்டியவர். கண் மங்கிவிட்டது, ஆனால் முகத்தைப் பார்க்காமலே குரலைக் கொண்டு ஆளை எடைபோடுவார்.

"எய்யா, ஒரு வருசமா உன் குரலே சரியில்லையே, என்ன?" என்றார்.

முழுவதும் சொல்லவில்லை. ஒரு தப்புச் செய்தேன், இன்னொருவர்மேல் பழி போயிற்று, ஆனால் ஆண்டவரிடம் அழுது அறிக்கை செய்துவிட்டேன் என்றேன்.

"யாருகிட்ட சொன்ன?"

"ஆண்டவர்கிட்ட, ஆச்சி."

"அவருக்குத்தான் முன்னமே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொன்னியா?"

நான் விடை சொல்லவில்லை. ஆச்சியும் வற்புறுத்தவில்லை. சற்று நேரம் கழித்துத் தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "உங்க தாத்தா பனையேறும்போது கலயத்தைத் தெனமும் கழுவிச் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவாவ. நேத்துத் தடவினதுதானேன்னு ஒருநாள் விட்டுட்டா, பதனி கள்ளாயிரும். மரத்துமேல குத்தஞ் சொல்லி என்ன செய்ய?" என்றார். பின்பு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் இதை எனக்காகச் சொன்னாரா, வழக்கம்போல் தாத்தாவை நினைத்துச் சொன்னாரா என்பது இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அன்றிரவு சகேயுவின் கதையை லூக்கா சுவிசேஷத்தில் மறுபடி வாசித்தேன். அவன் வரிவசூலிப்பவன். குள்ளன். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறினவன். ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனையோ முறை இக்கதையை நடித்துக் காட்டியிருக்கிறேன். மரம் ஏறும் கட்டத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், அதோடு முடித்துவிடுவேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பதாக அவன் எல்லோர் முன்னும் நின்று சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு சொல்கிறார். காந்தியடிகளின் சுயசரிதையும் நினைவுக்கு வந்தது. இளமையில் அண்ணனின் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிவிட்டு, மனம் பொறாமல் தந்தைக்குக் கடிதம் எழுதி அவர் கையிலேயே கொடுத்தார். தந்தை கண்ணீர் விட்டு அதைக் கிழித்துப் போட்டார். எல்லாத் தகப்பன்மாரும் அழுவார்கள், கெட்ட குமாரனின் கதையிலும் தகப்பன் ஓடி வந்து தழுவிக்கொள்வான். நானும் அப்படி ஒரு காட்சியை எதிர்பார்த்துக்கொண்டுதான் டில்லிக்குத் திரும்பினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2018 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகாமல் அவரைத் தேடிப் போனேன். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி போதித்தவர் இயேசுவே. ஆகவே கோயிலுக்குப் போகாததைப் பற்றி எனக்கு உறுத்தலில்லை. இளைய நண்பர் அப்பொழுது விடுதியைவிட்டு வெளியே ஒரு மாடியறையில் இருந்தார். மின்னடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வியப்படைந்ததாகத் தெரியவில்லை. "உக்காருங்க, அண்ணே" என்றார். உட்காருவதற்குக் கட்டில் ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் ஒரு ரஜாய். தாமே வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்த பேச்சு மறந்துபோயிற்று. "தம்பி, அந்தப் பணத்தை எடுத்தது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

அடுப்பை அணைத்தார். "ரெண்டு நாள் சாவி எங்கிட்ட இருந்துச்சு. நான் பெட்டியத் தொறக்கலன்னு எனக்குத் தெரியுமில்ல? அப்ப மிச்சம் யாரு இருக்கா? அன்னைக்கு உங்க அறையில வச்சே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா யாரு நம்புவாங்க, அண்ணே? நீங்க பைபிளும் கையுமா இருக்கற ஆளு. நான் ரெண்டு சட்டைக்காரன்."

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை. அழுகை ஓயும்வரை பொறுமையாக இருந்தார், பின்பு, "எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு வந்திருக்கீங்க. எனக்கு அது இப்ப வேண்டாம். அன்னைக்கு அந்த அறையில இருந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்களுக்குத்தான் தெரியாது" என்றார். ஆச்சி சொன்ன அதே சொல். அவர் ஆச்சியைக் கண்டதில்லை, பைபிளைத் தொட்டதுமில்லை. எனக்கு உப்புமா கொடுத்தார். சாப்பிட்டேன். அது மன்னிப்பின் அடையாளம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்தவனுக்குப் போடும் உப்புமா, அவ்வளவே.

பொங்கலுக்கு முன் செயற்குழு கூடியது. முந்திய ஆண்டுச் செயலாளரான அக்கா இப்பொழுது தலைவர். நான் துணைத்தலைவர்! எழுந்து நின்று சொன்னேன். முதல் இரண்டு வாக்கியம்தான் கடினம். சாவியைப் பற்றிய வாக்கியம், ரஜாய்ப் பட்டியலில் இழுத்த கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் ஓசையில்லை. அக்கா, "இதை எழுத்தில் கொடு" என்றார். கொடுத்தேன். 6,400 ரூபாயை மேசைமேல் வைத்து, சகேயுவைப் பின்பற்றி மீதி மூன்று மடங்கையும் மாதாமாதம் கட்டிவிடுவதாகச் சொன்னேன். அக்கா நிமிர்ந்து பார்த்து, "சங்கம் என்ன வட்டிக்கடையா? எடுத்ததை வை, போதும். மீதியைக் கட்டிவிட்டால் உனக்கு நிம்மதியாக இருக்கும் என்று தெரிகிறது. உன் நிம்மதிக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றார். எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கூர்மையாய் ஒன்றும் என்னைத் தைத்ததில்லை. ரஜாய்க்கான தொகையை மட்டும் தனியே வாங்கிக்கொண்டார்கள். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியும், இளைய நண்பரிடம் சங்கம் வருத்தம் தெரிவித்தும் தீர்மானம் நிறைவேற்றினார்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டைப் பாதுகாத்து வைத்திருந்தால் இன்றும் அது அதில் இருக்கும். முந்திய ஆண்டு அறையிலிருந்தவர்களில் இருவர் படிப்பு முடிந்து போயிருந்தனர். அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒருவர் விடை எழுதவேயில்லை.

பின்பு வந்த மாதங்கள் இனியவை அல்ல. உணவகத்தில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து சிலர் எழுந்து போனார்கள். அதைவிட வருத்தம் தந்தது கோயில் நண்பர் ஒருவர் சொன்னது. "ஆண்டவரிடம் தீர்ந்த விஷயத்தை ஊரறியச் சொல்லி நம் சாட்சியைக் கெடுத்துவிட்டாயே; இனி அவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?" என்றார். கெட்டது என் சாட்சியா, நம் சாட்சியா என்று அவரோடு வாதிட எனக்குத் திறனில்லை. போதகரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்த இளைஞருக்கு இப்பொழுது ஏதேனும் தேவையுண்டா என்றுதான் முதலில் கேட்டார். அடுத்த ஆண்டிறுதி ஆராதனையில், எல்லோரும் சேர்ந்து சொல்லும் அறிக்கைக்குப் பின் சில நிமிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே மௌனமாக இருக்கும்படி செய்தார். அந்த மௌனம் பலருக்குச் சங்கடமாக இருந்தது. இருமல் ஒலி நிறையக் கேட்டது.

புதுவாழ்வு எந்த நாளில் தொடங்கிற்று என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பனிமூட்டத்தில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நடந்த அந்த இரவை முற்றும் தள்ளிவிட மனம் வரவில்லை. அது இல்லாதிருந்தால் பின்னையவை வந்திருக்குமோ என்னவோ. ஆனால் ஜெபம் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த மாடியறையிலிருந்து இறங்கி வந்த பின்புதான். பெரிய ஜெபமன்று. காலையில் எழுந்ததும், நேற்று யாரைக் கண்டு முகம் திருப்பினேன் என்று பெயர் சொல்லி நினைத்துப் பார்ப்பேன். 'நாங்கள்' என்று சொல்வதைத் தனியறையில் விட்டுவிட்டேன். சில நாள் ஒரு பெயரும் வராது. சில நாள் நிறைய வரும். முழங்கால் வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. ஆச்சி கண்டால் ஏசியிருப்பார். அவர் 2020-இல் கண்மூடினார்.

இளைய நண்பர் படிப்பை நன்றாக முடித்து, வேலைக்குப் போய்விட்டார். இக்கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னார். "மன்னித்தேன்" என்ற சொல்லை அவர் இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

2022-இல் ஒருநாள் அவரே என்னை அழைத்தார். நான்கு ஆண்டுகளில் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை. "அண்ணே, உங்க ஊர்ல சீனி கலக்காத கருப்பட்டி கிடைக்குமா? அம்மாவுக்கு இருமல் விடமாட்டேங்குது" என்றார். ஊருக்குச் சொல்லிச் சித்தப்பா மூலம் இரண்டு கிலோ வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பச் செய்தேன். மறுநாள் அதன் விலையையும் அனுப்புக் கூலியையும் கணக்குப் பார்த்து, ஒரு ரூபாய் கூடாமல் குறையாமல் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, வாங்கிக்கொண்டேன்.